கீறல் விழுந்த ரெக்கார்டும் நம்ம ஹாஸ்டல் பட்டிமன்றமும்!

"கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி சொன்னதையே சொல்லிக்கிட்டு இருக்காதே!" இந்த வசனத்தை வாங்கிக் கட்டிக்கொள்ளாத மாணவன் இந்தப் பாலிடெக்னிக்கில் உண்டா? வீட்டில் பணம் கேட்கும்போது அப்பா சொல்வார். அட்டெண்டன்ஸ் கேட்டுப் போய் நிற்கும்போது ஹெச்.ஓ.டி. சொல்வார். ஆனால் நண்பர்களே, கீறல் விழுந்த ரெக்கார்டை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். விரல் விட்டு எண்ணிவிடலாம்!

இந்தக் கட்டுரை அந்த ரெக்கார்டைப் பற்றியது. அதைக் கேட்டுவிட்டு "நல்லா இருக்கு", "நல்லா இல்லை" என்று நாம் போடும் சண்டையைப் பற்றியும்தான். சண்டை போடுவது தப்பில்லை. எதை வைத்துச் சண்டை போடுகிறோம் என்று தெரியாமல் போட்டால், அதில் ஒரு நல்ல தட்டு குப்பைக்குப் போய்விடும். ஒரு மோசமான தட்டுக்கு ஸ்காலர்ஷிப் பணம் போய்விடும். இரண்டும் நம் கண் முன்னால் நடக்கிற விஷயம்தான்.

முதலில் அந்தக் கீறலுக்கு வருவோம். எல்.பி. எனப்படும் 12 அங்குல இசைத்தட்டில் பார்ப்பதற்கு நூற்றுக்கணக்கான வட்டங்கள் இருப்பது போலத் தெரியும். உண்மையில் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு கோடுதான். வெளி ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே சுருண்டு சுருண்டு போகிற ஒரே பள்ளம். 20 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் அது சுமார் 667 சுற்று சுற்றுகிறது. பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 430 மீட்டர்! எங்கள் தேசூர், ஆரணி பக்கம் பட்டுத் தறி வீட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. நூற்கண்டு மாதிரிதான். ஒரு நூல், அதில் முழுப் பாட்டும். தறியில் ஜக்கார்டு அட்டையின் ஓட்டைகள் எந்த இழை எழும்ப வேண்டும் என்று சொல்வது போல, இந்தப் பள்ளத்தின் நெளிவு முள் எப்படி ஆட வேண்டும் என்று சொல்கிறது.

பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளுக்கு இடையே தூரம் 0.13 மில்லிமீட்டர் அளவுதான். ஆழமான கீறல் விழுந்தால் நடுவில் உள்ள சுவர் உடைகிறது. முள் முன்னால் போகாமல் பழைய சுற்றுக்கே குதித்து விடுகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. ஆகவே 1.8 வினாடிக்கு ஒரு முறை அதே சொல், அதே சொல், அதே சொல்... அப்பா சொன்ன வசனத்துக்கு அர்த்தம் இப்போது புரிகிறதா?

ஒரு சிறு வரலாறு

இந்தியாவில் தட்டுக்காக முதன்முதலில் பெரிய அளவில் ஒலிப்பதிவு நடந்தது 1902-ல், கல்கத்தாவில். கௌஹர் ஜான் பாடினார். கிராமபோன் கம்பெனிக்காகப் பதிவு செய்தவர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க். பின்னால் எச்.எம்.வி. நாய் படம் போட்ட தட்டுகள் கல்கத்தா டம்டம் ஆலையிலிருந்து நாடெங்கும் வந்தன. சென்னையில் 1932-ல் ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆரம்பித்து ஓடியன் தட்டுகளை விற்றார். ஏ.வி.எம். ஸ்டுடியோவுக்கு முன்கதை இதுதான். அந்தக் காலத் தட்டுகள் 78 சுற்று வேகம், அரக்கால் ஆனவை, கீழே விழுந்தால் பீங்கான் தட்டு மாதிரி நொறுங்கும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம், அவ்வளவுதான். ராகத்தை ஒரு மணி நேரம் விரித்துப் பாடுகிறவரும் அதற்குள் முடித்தாக வேண்டும்!

1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி வினைல் பிளாஸ்டிக்கில் 33⅓ வேக எல்.பி.யைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே ஆர்.சி.ஏ. 45 வேகத்தில் 7 அங்குலச் சின்னத் தட்டோடு போட்டிக்கு வந்தது. 1963-ல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் எல்.பி.யாக வந்தது. அதே 1963-ல்தான் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டையும் வெளியிட்டது. பின்னாளில் தட்டுக்கு எமனாக வந்தது அந்தக் கேசட்தான். 1984-ல் 'விதி' படத்தின் கோர்ட் வசனம் டீக்கடை டீக்கடையாக ஓடியது கேசட்டில்தான். 90-களின் நடுவில் நம் நாட்டில் சினிமாப் பாட்டு எல்.பி. அச்சடிப்பதே நின்று போனது.

செத்துப் போனது என்று நினைத்தது திரும்பி எழுந்ததுதான் வேடிக்கை. அமெரிக்காவில் 2022-ல் சி.டி.யை விட இசைத்தட்டு அதிகமாக விற்றது. 1987-க்குப் பிறகு முதல் முறையாக! சுமார் 4 கோடியே 10 லட்சம் தட்டு, சி.டி. 3 கோடியே 30 லட்சம்.

மைக் செட்காரர்தான் முதல் விமர்சகர்

இசை விமர்சனம் என்றால் நமக்குப் பெரிய பரம்பரை உண்டு. 1930-களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி எழுதினார். பிறகு சுப்புடு. அவர் சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்தால் பாடகருக்கு வயிற்றைக் கலக்குமாம். ஆனால் அவர்கள் எழுதியது கச்சேரியைப் பற்றி. கச்சேரி ஒரு முறைதான் நடக்கும். "அன்றைக்கு அப்படிப் பாடவில்லை" என்று பாடகர் மறுத்தாலும் நிரூபிக்க வழியில்லை. தட்டு அப்படியில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். அதனால் தட்டைப் பற்றிய சண்டை சுலபமாகத் தீர்ந்துவிடும் என்றுதானே தோன்றுகிறது? நடப்பது தலைகீழ்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் 'எது நல்ல பாட்டு' என்று தீர்மானித்தவர் மைக் செட்காரர். கல்யாணம், காதுகுத்து, கூழ் வார்க்கும் திருவிழா எதுவானாலும் வேப்ப மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, டிரங்குப் பெட்டியைத் திறந்து, 'பிளேட்' போடுவார். எதை முதலில் போடுவது, எதை இரண்டாம் முறை போடுவது எல்லாம் அவர் முடிவு. அவர் சொல்லும் விமர்சனம் ஒரே வரிதான்: "இது குழாயில நல்லா பேசும்."

அந்த ஒரு வரியில் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் பாடமே இருக்கிறது! குழாய் ஸ்பீக்கர் மனிதக் குரல் இருக்கும் நடு அதிர்வெண்களைத்தான் தூக்கிக் கொடுக்கும். அடித்தள ஒலியை, அதாவது பாஸை, ஏறக்குறைய முழுதாகவே விழுங்கிவிடும். அதனால் டி.எம்.எஸ். குரல், நாதஸ்வரம், வசனம் எல்லாம் இரண்டு கிலோமீட்டர் தாண்டியும் கணீரென்று கேட்கும். இளையராஜா பாட்டில் பாஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டே வாசித்துக்கொண்டு போகுமே, அது வேப்ப மரத்தைத் தாண்டாது. அதே தட்டை டவுனில் ஒருவர் வீட்டில் ஸ்டீரியோ செட்டில் கேட்டவனுக்கு வேறு பாட்டு கேட்டது. இருவரும் சந்தித்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? தமிழ்ப் படங்களில் ஸ்டீரியோ பாடல் பதிவு என்றதும் 1978-ல் வந்த 'பிரியா'வைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அந்த இடது வலது ஜாலமெல்லாம் ஒற்றைக் குழாயில் ஒன்றாகக் கலந்து ஒரே ஒலியாகத்தான் வந்தது.

ஆக, ஒரே பாட்டு, ஒரே தட்டு, ஆனால் கேட்டது இரண்டு வேறு பொருள். நம் ஹாஸ்டல் சண்டையில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஒருத்தன் செல்போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு மெல்லிசை மன்னர் கட்சி, இன்னொருத்தன் இயர்போனில் கேட்டுவிட்டு இசைஞானி கட்சி, மூன்றாமவன் பஸ்ஸில் சப்-ஊஃபர் அதிரக் கேட்டுவிட்டு இசைப்புயல் கட்சி!

அஞ்சு கட்டையா, நாலரைக் கட்டையா?

ஹாஸ்டலில் உண்மையாகவே இரண்டு நாள் நடந்த தகராறு ஒன்று. பேட்டரியில் ஓடும் பழைய பிளேயர், ஒரு 80-களின் எல்.பி.

"இது அஞ்சு கட்டைடா. நான் கீபோர்டு வெச்சுப் பார்த்துட்டேன்."

"போடா, நாலரை. போன்ல இருக்கறதோட சேர்த்து வாசிச்சுப் பாரு."

இருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை. நாலரைக் கட்டைக்கும் ஐந்து கட்டைக்கும் நடுவில் அரை ஸ்வரம். அதிர்வெண் கணக்கில் ஏறக்குறைய 6 சதவீதம். தட்டு 33⅓-க்குப் பதிலாக 35⅓ சுற்றில் ஓடினால் போதும், நாலரை ஐந்தாகிவிடும்! பாடுகிறவர் குரல் கொஞ்சம் இளசாகும், தாளமும் விறுவிறுப்பாகும். "ஒரிஜினல் தட்டில் எவ்வளவு உயிர் இருக்கு பார்த்தியா, ரீமாஸ்டர்ல தூங்கி வழியுது" என்று நாம் விமர்சனம் எழுதிவிடுவோம். எழுதியது மோட்டாரைப் பற்றி!

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டை ஒட்டுங்கள். கடிகாரம் பார்த்து மூன்று நிமிடம் எண்ணுங்கள். சரியாக 100 சுற்று வர வேண்டும். 106 வந்தால் சண்டை முடிந்தது.

எலெக்ட்ரிகல் மாணவர்களுக்கு இன்னும் அழகான வழி இருக்கிறது. ஒரு வட்டக் காகிதத்தில் சம இடைவெளியில் 180 கறுப்புக் கோடு வரைந்து, தட்டின் மேல் வைத்துச் சுழலவிட்டு, பழைய சோக் வைத்த டியூப்லைட்டின் கீழே பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 முறை மினுங்கும். நிமிடத்துக்கு 6000 மினுக்கல். அதை 33⅓-ஆல் வகுத்தால் 180. வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நின்றுவிட்டது போலத் தெரியும். வேகம் கூடினால் சுழலும் திசையிலேயே மெதுவாக நகரும், குறைந்தால் பின்னால் நகரும். 6 சதவீதம் கூடியிருந்தால் நிமிடத்துக்கு இரண்டு சுற்று நகரும். எல்.இ.டி. பல்பின் கீழ் இதைச் செய்து பார்த்து ஏமாறாதீர்கள். பலவற்றில் அந்த மினுக்கலே இருக்காது.

இதில் இன்னொரு கொக்கியும் உண்டு. தட்டு சரியான வேகத்தில் ஓடுகிறது என்று நிரூபித்துவிட்டால் போனில் இருப்பது தப்பு என்றாகிவிடுமா? ஆகலாம். பழைய பாட்டுகள் பல, டேப்பிலிருந்தோ தட்டிலிருந்தோ யாரோ எடுத்து ஏற்றியவை. அந்த மெஷின் எந்த வேகத்தில் ஓடியதோ! ஆகவே "போனில் இப்படித்தான் இருக்கு" என்பது சாட்சியே தவிர தீர்ப்பு இல்லை.

உள்வட்டத்தில் ஏன் உறுமுகிறது?

தட்டு விமர்சனத்தில் அடிக்கடி பலியாவது பக்கத்தின் கடைசிப் பாட்டு. "அந்தப் பாட்டுல எஸ்.பி.பி. குரல் கரகரன்னு இருக்கு, பதிவு சரியில்லை" என்பார்கள். பதிவின் மேல் பழி போடுமுன் ஒரு சின்னக் கணக்கு.

தட்டு சுற்றும் வேகம் எப்போதும் ஒன்றுதான். ஆனால் வெளி ஓரத்தில் வட்டம் பெரியது. அங்கே முள்ளின் கீழே வினாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்ளே, மையத்திலிருந்து 6 சென்டிமீட்டர் தூரத்தில், 21 சென்டிமீட்டர்தான். முதல் பாட்டுக்கு 51 சென்டிமீட்டரில் விரித்து எழுதிய ஒரு வினாடி இசையைக் கடைசிப் பாட்டுக்கு 21-ல் நெருக்கி எழுத வேண்டும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை வெளியே 51 மைக்ரான் நீளம், உள்ளே 21 மைக்ரான். சாதாரண உருண்டை முள்ளின் நுனி ஆரமே 18 மைக்ரான்! சந்துக்குள் லாரி நுழைவது போல. 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் உறுமும். நீள்வட்ட முனை முள் போட்டால் பெருமளவு சரியாகும். மெக்கானிகல் நண்பர்கள் இதை ஒரு கியர் பல் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

விவரம் தெரிந்த கம்பெனிகள் அதனால்தான் அதிரடிப் பாட்டை முதலிலும் மெதுவான மெலடியைக் கடைசியிலும் வைப்பார்கள். நம் சினிமாத் தட்டுகளில் எப்போதும் இப்படிப் பார்த்து வைத்தார்களா என்றால், ஊஹூம். ஹீரோ பாட்டு முதலில், மற்றது பின்னால்.

முள்ளின் பாரமும் முக்கியம். நல்ல காந்த கார்ட்ரிஜ் ஒன்றரை, இரண்டு கிராம் பாரத்தில் ஓடும். மலிவு பிளேயர்களில் வரும் செராமிக் வகைக்கு நாலு, ஐந்து கிராம். அந்தக் காலச் சாவி கிராமபோனில் நூறு கிராமுக்கும் மேல்! தேய்ந்த முள்ளோடு பாரமும் கூடினால் அது கேட்பதல்ல, உழுவது. ஒரு முறை உழுத பள்ளம் திரும்ப வராது. நல்ல தட்டு ஒன்றைக் கெட்ட பிளேயரில் நூறு பேர் கேட்டுவிட்டால், பிறகு நல்ல பிளேயரில் போட்டாலும் கரகரப்புதான்.

அச்சு எத்தனையாவது?

"என்கிட்ட இருக்கறது ஃபர்ஸ்ட் பிரஸ்" என்று பெருமையடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. லாக்கர் பூசிய தட்டில் முதலில் பள்ளத்தை வெட்டுவார்கள். அதன்மேல் வெள்ளி பூசி, நிக்கல் ஏற்றி (நம் எலெக்ட்ரோபிளேட்டிங் பாடம்தான்), அதிலிருந்து தாய் அச்சு, தாய் அச்சிலிருந்து ஸ்டாம்பர். இரண்டு ஸ்டாம்பருக்கு நடுவில் சூடான வினைல் உருண்டையை வைத்து நீராவிச் சூட்டில் ஹைட்ராலிக் பிரஸ்ஸால் அமுக்கினால் தட்டு. ஒரு ஸ்டாம்பர் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு தட்டு அடித்ததும் கூர்மை மழுங்க ஆரம்பிக்கும். கடைசித் தட்டு வாங்கியவனுக்குப் பாட்டும் மழுங்கல்தான். பழைய தட்டுகளை உருக்கி மறுபடி வார்த்த வினைலாக இருந்தால் புதுத் தட்டிலேயே 'சடசட' கேட்கும்.

ஆகவே ஒரு தட்டைப் பற்றி எழுதும்போது படத்தின் பெயரை மட்டும் எழுதினால் அது அரை விமர்சனம். லேபிளில் உள்ள எண்ணையும், லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவே வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுதுங்கள். சாய்த்துப் பிடித்தால் தெரியும். எந்த பிளேயர், எந்த முள் என்பதையும் ஒரு வரி. அப்போதுதான் "என் தட்டில் அப்படி இல்லையே" என்று இன்னொருத்தர் மறுக்க முடியும். மறுக்க முடியாத விமர்சனத்தில் என்ன சுவை இருக்கிறது?

பழைய தட்டு விற்பவர்கள் ஆங்கில எழுத்துகளில் போடும் தரக் குறியீடும் ஒரு பொறி. வி.ஜி. என்றால் 'வெரி குட்', மிக நல்லது என்று நினைத்து வாங்குவோம். உலகத் தட்டுச் சந்தையில் வி.ஜி. என்றால் கரகரப்பு பாட்டின் நடுவே நன்றாகவே கேட்கும் என்று அர்த்தம். வெறும் ஜி. என்றால் 'குட்' இல்லை, ஏறக்குறைய காயலான் கடை! படம் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள், ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

காது பெரிசா, கட்சி பெரிசா?

இனி பெரிய சண்டை. தட்டா, டிஜிட்டலா?

அளவுகோலை வைத்துச் சொன்னால் சி.டி. ஜெயிக்கும். 16 பிட் சி.டி.யின் ஒலி வீச்சு 96 டெசிபல். தட்டு 60, 70 எட்டினாலே பெரிசு. அப்படியிருந்தும் "தட்டுதான் நல்லா இருக்கு" என்று நல்ல காதுள்ளவர்களே சொல்வது ஏன்? பிரமை என்று தள்ளிவிடக் கூடாது. பிற்காலத்தில் சி.டி.யிலும் வலைத்தளங்களிலும் வெளியிடும்போது பாட்டின் மெதுவான இடங்களையும் சத்தமாகத் தூக்கி, எல்லாம் ஒரே உயரத்தில் வரும்படி அமுக்கி விடுகிறார்கள். பல பழைய பாட்டுகளுக்கு பாஸைக் கூட்டி, பின்னணியைக் கழுவி 'புதுப்பித்தும்' விட்டார்கள். எல்.பி.யில் அந்த அமுக்கல் இல்லை. ஆகவே நாம் ரசிப்பது வினைலை அல்ல, பழைய மிக்ஸிங்கை. அதே மிக்ஸிங்கை அப்படியே சி.டி.யில் கொடுத்திருந்தால் சண்டையே வராமல் போயிருக்கலாம். இது என் கட்சி. எதிர்க்கட்சிக்கு அடுத்த மலரில் இடம் உண்டு!

இதற்கு உலகமே சிரித்த ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்ற கம்பெனி. சுருக்கமாக மோஃபை. பழைய புகழ்பெற்ற ஆல்பங்களை மூல டேப்பிலிருந்து அருமையாக எல்.பி. போடுவதில் பேர் பெற்றது. 'டிஜிட்டல் வாடையே படாத ஒலி' என்று நம்பித்தான் ரசிகர்கள் நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். டிஜிட்டல் என்றாலே முகம் சுளிக்கும் விமர்சகர்கள் இந்தத் தட்டுகளைத்தான் உரைகல்லாக வைத்துப் பேசினார்கள். 2022 ஜூலையில் ஃபீனிக்ஸ் நகரத்துத் தட்டுக் கடைக்காரர் ஒருவர் வெடியைக் கொளுத்திப் போட்டார். மோஃபை நடுவில் டிஜிட்டல் பதிவு ஒன்றைப் பயன்படுத்துகிறது என்றார். கம்பெனியின் எஞ்சினியர்களே அதை ஒப்புக்கொண்டார்கள். 2011-லிருந்தே அப்படித்தானாம்! மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' 40,000 பிரதி போடப்போவதாக அறிவித்திருந்தார்கள். ஒரே டேப்பை அத்தனை முறை ஓட்ட முடியாதே என்ற சந்தேகத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. வழக்கு, இழப்பீடு என்று போனது.

பதினோரு வருஷம்! எத்தனை தங்கக் காதுகள்! ஒருத்தர் காதும் "இதில் டிஜிட்டல் இருக்கிறது" என்று அடித்துச் சொல்லவில்லை. வாங்கியவர்களுக்கு உண்மையை மறைத்தது கம்பெனியின் தப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தட்டுகள் நன்றாக ஒலித்ததும் உண்மைதானே? உண்மை தெரிந்த மறுநாள் "எனக்கு அப்போவே ஏதோ குறையா பட்டுது" என்று எழுதியவர்களை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இந்த மாதிரி சிக்காமல் இருக்க நம் லேபிலேயே வழி உண்டு. இரண்டு ஒலியை ஒப்பிடுமுன் சத்தத்தைச் சமமாக்குங்கள். ஒன்று வெறும் ஒரு டெசிபல் கூடியிருந்தாலும், 'சத்தமாக இருக்கிறது' என்று காது சொல்லாது, 'தெளிவாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். ஒரு டெசிபல் என்பது வோல்டேஜில் 12 சதவீதம். ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏ.சி. ரேஞ்சில் வைத்து, இரண்டிலும் ஒரே இடத்தை ஓடவிட்டுச் சரிசெய்யலாம். பிறகு கேட்பவன் கண்ணைக் கட்டுங்கள். மாற்றிப் போடுகிறவன் எதைப் போடுகிறான் என்று காசு சுண்டித் தீர்மானிக்கட்டும். பத்து முறையில் ஐந்து, ஆறு சரியாகச் சொன்னால் அது குருட்டாம்போக்கு. ஒன்பது சரி என்றால் அவன் காதுக்கு மாலை போடலாம். தட்டில் 'சடசட' கேட்டுக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பது இந்தச் சோதனைக்கு உள்ள தொல்லை. அதற்கு ஒரு தந்திரம்: அந்தத் தட்டையே கம்ப்யூட்டரில் பதிவு செய்து, பதிவையும் தட்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். இப்போது இரண்டிலும் 'சடசட' உண்டு. மோஃபை கதையை நம் ஹாஸ்டல் ரூமிலேயே நடத்திப் பார்க்கலாம்!

டிரங்குப் பெட்டி

எங்கள் தேசூர் பக்கத்தில் மைக் செட் தொழிலை விட்டுவிட்ட ஒரு பெரியவர் வீட்டில் தட்டுப் பெட்டிகள் இரண்டு இருக்கின்றன. "வீட்டை இடிச்சுக் கட்டறோம் தம்பி, வேணும்னா எடுத்துக்க, இல்லன்னா பழைய இரும்புக்காரன்கிட்ட போகும்" என்றார். மேலே இருந்த நாலைந்து எல்.பி. கூரை ஓட்டுச் சூட்டில் அப்பளம் போல நெளிந்திருந்தன. வினைல் அறுபது, எழுபது டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். தகரக் கொட்டகைக்குள் படுக்க வைத்து அடுக்கினால் இதுதான் கதி. நிற்க வைத்துத்தான் அடுக்க வேண்டும். அடியில் இருந்தவை நல்ல நிலையில் இருந்தன.

இந்த மாதிரிப் பெட்டி உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும். அதைத் திறந்ததும், வீட்டில் இருக்கும் பிளேயரில் போட்டு, கரகரப்பைக் கேட்டு, "எல்லாம் போச்சு" என்று தூக்கிப் போடத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். எல்.பி.யில் பாதிக் கரகரப்பு தூசுதான். குழாய் நீர் உப்பு ஏற்றும், அதனால் காய்ச்சி வடிகட்டிய நீர் (பேட்டரிக்கு ஊற்றுவோமே, அதுதான்), ஒரு சொட்டு மிருதுவான சோப்பு, மெல்லிய துணி. லேபிளில் நீர் படாமல் பள்ளத்தின் போக்கிலேயே துடைக்க வேண்டும்.

78 அரக்குத் தட்டு என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஸ்பிரிட்டால் மட்டும் துடைத்துவிடாதீர்கள்! தச்சர் அரக்கை எதில் கரைத்து மரத்துக்கு பாலிஷ் போடுகிறார்? ஸ்பிரிட்டில்தானே? தட்டும் அப்படியே கரையும். இரண்டாவது, அதை எல்.பி. முள்ளில் போட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். 78-ன் பள்ளம் அகலமானது, அதற்கு மூன்று மில், அதாவது 75 மைக்ரான் அளவு முள் வேண்டும். எல்.பி. முள் அதில் கால்வாயில் விழுந்த கோலிக்குண்டு மாதிரி அடியில் உருண்டு, அடியில் சேர்ந்த குப்பையைத்தான் நமக்குப் பாடிக் காட்டும். 'ஒண்ணுமே கேட்கலை' என்று எத்தனை நல்ல தட்டுகள் இப்படி ஏரியில் எறியப்பட்டனவோ. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் 78 தட்டுகளைத் தேடிச் சேர்த்ததால்தான் பல பாட்டுகள் இன்றைக்குக் காதில் விழுகின்றன. அந்தப் பாட்டுகளின் மூல டேப் என்று ஒன்று கிடையவே கிடையாது. தட்டுதான் மூலம்.

அந்தப் பெரியவரின் பெட்டியில் எல்.பி.யும் சின்ன 45 தட்டுகளும் எங்கள் அறைக்கு வந்து, எண் போட்டு, நோட்டில் ஏறிவிட்டன. 78 தட்டு பதினொன்று இன்னும் போடப்படாமல் செய்தித்தாளில் சுற்றி நிற்கிறது. இரண்டின் லேபிள் கறையான் தின்றுவிட்டது, யார் பாடியது என்றே தெரியவில்லை. திருப்பிப் போடும் செராமிக் கார்ட்ரிஜ், ஒரு பக்கம் 78 முள் உள்ளது, யார் வீட்டுப் பழைய பிளேயரிலாவது இருந்தால் ஹாஸ்டல் முதல் மாடி, மூன்றாம் ஆண்டு இ.சி.இ. அறையில் சொல்லுங்கள். டீ செலவு எங்களுடையது. கேட்டு முடித்ததும் எந்தக் கட்டை என்ற சண்டைக்கு நீங்களும் வரலாம்.